தாழ்ப்பாள் இல்லாத அறை

உ
வீரமாகாளியம்மன் துணை

பொத்தோங் பாசிர்,
சிங்கப்பூர், 6-3-1966

ரோசம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் சுகமா என்று நீ கேட்டிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் கழித்து உனக்கு அது தெரிய வேண்டியிருக்கிறது. இருக்கிறேன். பல்லில் நாலு போயிற்று. மற்றதெல்லாம் இருக்கிறது. ஞாபகமும் இருக்கிறது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்தது நேராக இருக்கும்.

உன் மகள் பிலோமிக்கு உடம்பு சரியில்லை, ஆற்றுக் காற்று பட்டால் தேவலை, கைப்பிள்ளையோடு கொஞ்ச நாள் தங்க நடு அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். நீங்கள் வாடகைக்கு இருந்த நடு அறை! அறையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய். அதில் நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

1954 ஆகஸ்ட் பதினாலு, சனிக்கிழமை. செங்கல் சூளையில் சம்பளம் போட்ட நாள். உன் புருஷன் லாசரஸ் பட்டப்பகலில் கள்ளுக்கடையிலிருந்து வந்து உள்தாழ்ப்பாளைப் போட்டான். நம் வீட்டுப் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்த அறையில் பிள்ளை தும்மினால் அந்த அறையிலிருந்து ‘நூறு’ என்பார்கள். அன்றைக்குக் கேட்டது தும்மல் இல்லை. உன் தலை தூணில் மோதுகிற சத்தம். முதலில் ‘அம்மா’ என்றாய். பிறகு ‘அக்கா’ என்றாய். என்னைத்தான் கூப்பிட்டாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையோடு ஓடி வந்து கதவை இடித்தேன். நாலாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. உன் முடியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தான். பாயில் உன் பல் ஒன்று கிடந்தது. ஏழு வயது பிலோமி மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவன் முழங்கையில் ஒன்று போட்டேன். எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அதற்காக இன்றுவரை ஒரு துளி வருத்தப்பட்டதில்லை.

அக்டோபர் ஐந்து, செவ்வாய்க்கிழமை, கோர்ட்டு. நீ வேதப் புத்தகத்தில் கை வைத்து என்ன சொன்னாய்? “அவரு என்னை அடிக்கவே இல்லை. நான் வழுக்கி விழுந்தேன். இந்தம்மாதான் கோவத்துல அவரை அடிச்சாங்க.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். எனக்கு மூன்று மாதம் ஜெயில்.

நான் உள்ளே இருந்தபோது ஆறு வீட்டுக்குள் வந்தது. அந்த டிசம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் அதற்கு முன்பே காலி செய்துகொண்டு போய்விட்டீர்கள். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் கிடந்தவர். கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறிய பிறகுதான் சீனன் தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கினார்கள். சளி கட்டி, டிசம்பர் பதிமூன்று திங்கட்கிழமை போய்விட்டார். வார்டர் பொம்பளை கம்பிக்கு வெளியே நின்று, “ஆயா, உன் புருஷன் செத்துட்டானாம். இங்க கைநாட்டு வை” என்றாள். நான் கையெழுத்தே போட்டேன்.

நடு அறை காலியாகத்தான் இருக்கிறது. உனக்கு இல்லை.

இப்படிக்கு,
வீட்டுக்காரி பூவம்மா


சேசு மரி சூசை

குவீன்ஸ்டவுன்,
13-3-1966

அன்புள்ள பூவம்மாக்காவுக்கு, ரோசம்மா அநேக வணக்கத்துடன் எழுதியது.

உங்கள் கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மூன்று முறை படித்தேன். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை அக்கா. நீங்கள் என்னைத் திட்டியது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஐயா போன செய்தி எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றே வந்து உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். பயம்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். உங்களிடம்தான் சொல்லவில்லை. கோர்ட்டுக்கு முந்தின நாள் பிலோமியின் அப்பா அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். கட்டுப் போட்ட கை ஒரு பக்கம் தொங்க, மற்றக் கையால் என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்தார். “சத்தியம் பண்ணு. எனக்கு எதிரா ஒரு வார்த்தை வந்துச்சுன்னா இந்தத் தலை நிக்காது” என்றார். நான் சத்தியம் பண்ணினேன். பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று நீங்களும் நானும் அறியாதவர்களா? வேதப் புத்தகத்தின் மேல் பொய் சொன்னால் நரகத்துக்கு நான் போவேன். இதில் தவறினால் பிள்ளை போகும். நான் புத்தகத்தின் மேல் பொய் சொன்னேன். உங்களைக் காவு கொடுத்தேன்.

அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

பிலோமிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியதும் பொய்தான். எந்தத் தலைக்காக நான் வாயை மூடினேனோ, அந்தத் தலையை இன்றைக்கு ஒருவன் சுவரில் மோதுகிறான். மருமகன் ஜோன் மணல் லாரி ஓட்டுகிறான். கலியாணத்தன்று கோவிலில் எல்லோரும் எவ்வளவு அடக்கமான பையன் என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சியை வயிற்றில் உதைத்தான். பிறந்த பிள்ளை பெண் என்று மறுபடி உதைத்தான். போன மாதம் அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே வந்தான். நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே அவளைத் தூக்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “விடவா, வர்றியா?” என்று கேட்டான். அவள் வருகிறேன் என்றாள். கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே எல்லாம் சிமெண்டுச் சுவர் அக்கா. பக்கத்து வீட்டில் கொலை விழுந்தாலும் கேட்காது. கேட்டவர்களும் கதவைத் திறக்கவில்லை.

கோவில் ஆட்கள் வீடெல்லாம் அவனுக்குத் தெரியும். உங்கள் வீடு மட்டும் தெரியாது. உலக்கையோடு ஓடி வந்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வேறு ஆளும் இல்லை.

உங்கள் பாவி,
ரோசம்மா


உ
வீரமாகாளியம்மன் துணை

பொத்தோங் பாசிர்,
17-3-1966

ரோசம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாவி கீவி என்று எழுதாதே. எனக்குப் பிடிக்காது.

பிள்ளை தலையில் சத்தியம் வாங்கினவன் கை அழுகியிருக்க வேண்டும். முழங்கையோடு விட்டேனே என்று இப்போதுதான் முதல்முறையாக வருத்தப்படுகிறேன். சத்தியத்தை நானும் நம்புகிறவள். அதனால் உன்னை முன்போல முழு மூச்சாகத் திட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த கோபத்தில் நீ வந்து தண்ணீர் கலந்துவிட்டாய். அந்த எரிச்சலும் உன் மேல்தான்.

பிலோமியை வரச் சொல். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மணல் ஏற்றப் போன பிறகு கிளம்பட்டும். துணி மூட்டை வேண்டாம். மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி கூடையோடு வரட்டும்.

என் வீட்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் குடித்தனத்துக்கும் சொல்வதுதான். ஒன்று, வாடகை மாதம் பதினைந்து வெள்ளி. தர்மத்துக்கு இல்லை. தர்மத்துக்கு இருக்கிறவளை எவனும் இழுத்துக்கொண்டு போகலாம். வாடகை கொடுத்து இருக்கிறவளைத் தொட முடியாது. ரசீது பிலோமி பெயரில்தான் எழுதுவேன், புருஷன் பெயர் போட மாட்டேன். இந்த வீட்டைச் சீன முதலாளி தவுக்கேயிடம் என் பெயரில் எடுத்தவள் நான். என் கையெழுத்துக்கு இங்கே மதிப்பு உண்டு.

இரண்டாவது, எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. சிறையிலிருந்து வந்த மறுநாளே மூன்று அறையிலும் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். என் கூரைக்குக் கீழே எவனும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தியை அடிக்க முடியாது. கூச்சப்படுகிறவர்கள் திரை போட்டுக்கொள்ளலாம்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அறை அவளுக்கு.

பூவம்மா


உ

பொத்தோங் பாசிர்,
24-4-1966

ரோசம்மாவுக்கு,

உன் மகளும் பேத்தியும் சுகம். நீ மூன்று கடிதம் போட்டு மூன்றிலும் அதையே கேட்டதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

பிலோமிக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை. நீ என்ன சொல்லிக் கொடுத்தாய்? புளித்தண்ணீரைக் காய்ச்சி ரசம் என்கிறாள். பக்கத்து அறை பதுருன்னிசா ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏன்டி பிலோமி, இதை வச்சு செம்புப் பானை தேய்க்கலாம் லா” என்றாள். பிலோமி சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள்.

முதல் வாரம் தட்டு கீழே விழுந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். ஏழு வயதில் நின்ற அதே மூலை. நான் அந்த மூலையில் அரிசிப் பானையை வைத்துவிட்டேன். இப்போது நிற்க இடம் இல்லை.

குளிக்கும்போது முதுகைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. முக்கோணம். நீ அதை எனக்கு எழுதவில்லை. உனக்கே தெரியாதோ என்னவோ.

காலையில் சீனன் தோட்டத்தில் கீரை கட்டப் போகிறாள். சத்தமில்லாத ஊர், ஆற்றங்கரையில் நல்ல தூக்கம் வரும் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் குடித்தனக்காரர்களிடம் அதைச் சொல்லித்தான் அறை விடுகிறேன். சத்தமில்லாத ஊரில்தான் அடி விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். அதை யாருக்கும் சொல்வதில்லை.

என் மகன் தனசேகரன் போன ஞாயிறு வந்தான். “புக்கிட் மேராவுக்கு வந்து பேரப்பிள்ளைகளோட இரும்மா. எதுக்கு இன்னும் இந்தத் தண்ணிக்காட்டுல?” என்றான். 1958 தீபாவளிக்கு அவன் பெண்டாட்டி என்னை என்ன சொன்னாள் என்று நினைவுபடுத்தினேன். காப்பி குடித்துவிட்டுப் போனான்.

கடித உறையின் பின்பக்கம் ஏன் முழு விலாசம் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். என் வீடு, என் பெயர். எழுதாமல்?

பூவம்மா


சேசு மரி சூசை

குவீன்ஸ்டவுன்,
3-6-1966

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து இப்படி இருப்பதற்கு மன்னியுங்கள். இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஜோன் வந்தான். இரண்டு மாதமாக வந்து கத்திவிட்டுப் போவான், நேற்று கத்தவில்லை. அதனால்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, “எங்க அவ?” என்றான். தெரியாது என்றேன். என் வலது கையைத் தையல் மிஷின் மேல் வைத்து, ஒரு விரலை எடுத்துப் பின்னால் மடக்கினான். “எங்க அவ?” தெரியாது. உடைந்தது. அடுத்த விரல். “எங்க அவ?” எனக்கு உங்கள் வீட்டு நடு அறை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது அக்கா. தெரியாது என்றேன்.

பிறகு சிரித்தான். “அப்ப உன் மக தலை மேல சத்தியமா தெரியாதுன்னு சொல்லு” என்றான். எங்கள் ஆட்களைப் பற்றி அவனுக்குத் தெரியும். விரலை உடைத்தால் சொல்லாதவள் இதில் சொல்லிவிடுவாள் என்று.

நான் சொன்னேன். “என் மக பிலோமி தலை மேல சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவன் மிஷினைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுப் போனான். மிஷின் டிராயர் உடைந்து நூல்கண்டு, பித்தான், காகிதமெல்லாம் வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். குனிந்து பொறுக்க இன்னும் தெம்பில்லை. உங்கள் கடிதங்களும் அந்த டிராயரில்தான் வைத்திருந்தேன். நாளைக்குப் பொறுக்கி அடுக்க வேண்டும்.

விரல் வலி பெரிதில்லை அக்கா. அன்றைக்கு அவள் தலைக்காக உண்மையை மறைத்தேன். நேற்று அவள் தலையிலேயே பொய்ச் சத்தியம் வைத்துவிட்டேன். அது அவள் மேல் விழுமா? நீங்கள் காளி கோவிலுக்குப் போகிறவர்கள். கேட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்கு விபூதி வையுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ரோசம்மா


உ

ஆஸ்பத்திரி,
14-6-1966

ரோசம்மா,

உன் கடிதம் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததாம். பதுருன்னிசா இங்கே கொண்டுவந்து படித்துக் காட்டினாள். அவன் சனிக்கிழமையே வந்துவிட்டான். சிதறிய கடிதங்களை அடுக்கும்போது ஒரு உறை குறைந்ததைப் பார்த்து, கடிதத்துக்கு முன்னால் நீயும் ஓடி வந்துவிட்டாய். ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், நான் பதில் வைக்காமல் விடுகிறவள் இல்லை.

சத்தியம் பிலோமி மேல் விழவில்லை. வழியில் என் தோளில் விழுந்துவிட்டது. பட்டை எலும்பு இரண்டு துண்டு. வெட்டு ஐந்து அங்குலம். பிலோமி தலையில் ஒரு கீறல் இல்லை. குழந்தை தலையிலும் இல்லை. அதனால் இனி அதைப் பற்றி அழாதே.

நீ படியேறி வந்தபோது பாதி முடிந்திருந்தது. முதல் பாதியைச் சொல்கிறேன்.

நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பதுருன்னிசா தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஆற்றோரப் பாதையில் மணல் லாரி வந்து நின்றது. இறங்கினவன் ஒரு கையில் பாராங் கத்தி, மறு கையில் என் கடித உறை. என் கையெழுத்தை நான் முப்பது அடியிலிருந்து அடையாளம் கண்டேன். பின்பக்கத்து விலாசத்தைப் படித்துப் படித்து வந்திருக்கிறான்.

அவன் நடு அறைக் கதவை உடைக்கவில்லை, ரோசம்மா. தள்ளினான், திறந்தது. நான்தான் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தவள் ஆயிற்றே. உள்ளே பூட்டிக்கொண்டு அடிக்கிறவனை மட்டும்தான் நினைத்தேன். வெளியிலிருந்து ஒருவன் வருவான் என்று நினைக்கவில்லை. பிலோமி அதைத் திரும்பத் தள்ளிச் சாத்தி, பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவள் முதுகுதான் தாழ்ப்பாள். அவன் கத்தியால் பலகையைக் கொத்தினான். ஒரு கொத்து அவள் காதுக்கு இரண்டு விரல் தள்ளி இறங்கியது.

நான் பின்னாலேயே ஓடி வந்து உலக்கையைத் தூக்கினேன். ஐம்பது வயதில் தூக்கிய மாதிரி வரவில்லை. அவன் திரும்பி, “அந்தக் கெழவி நீதானா?” என்று சொல்லிக்கொண்டே வெட்டினான். உலக்கை உருண்டு வாசலுக்குப் போயிற்று. நான் சுவரோரம் விழுந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். வலது கையில் கட்டு. இடது கையால் உலக்கையை எடுத்தாய். முதல் அடி அவன் மணிக்கட்டில், கத்தி விழுந்தது. இரண்டாவது முழங்காலில். படியிலிருந்து உருண்டு துவைகல்லில் தலை அடிபட விழுந்தான். அதன் பிறகு நீ இறங்கிப் போய் அடித்தது எல்லாவற்றையும் நான் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். “போதும் ரோசம்மா” என்று மூன்று முறை சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. நீ ஒவ்வொரு அடிக்கும் ‘லாசரஸ்’ என்று புருஷன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிலோமி கண்ணை மூடியிருந்தாள். பார்த்தவள் நான் ஒருத்திதான். எண்ணியவளும்.

பூவம்மா


சேசு மரி சூசை

குவீன்ஸ்டவுன்,
28-8-1966

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஜாமீனில் இருக்கிறேன். சாட்சிக்காரர்களோடு பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதவும் கூடாதுதான். இந்த ஒன்று மட்டும்.

ஜோனுக்குக் கத்தி கொண்டுவந்து உங்களை வெட்டியதற்கு மூன்று வருஷம் கொடுத்துவிட்டார்கள். ஒரு கண் போய்விட்டது, நொண்டுகிறான். அதற்காக இப்போது என் மேல் வழக்கு. கத்தியோடு நின்றவனை அடித்தது குற்றமில்லையாம். விழுந்து அசையாமல் கிடந்தவனை அடித்திருந்தால் குற்றமாம். வக்கீல் சொன்னார்: “விழுந்த பிறகு எத்தனை அடி என்பதுதான் கேள்வி. டாக்டர், கல்லில் விழுந்ததாலும் இப்படி ஆகலாம், அடித்ததாலும் ஆகலாம் என்கிறார். பூவம்மா என்ன சொல்கிறார்களோ அதுதான் தீர்ப்பு. அடி பல என்று வந்தால் வருஷக்கணக்கில் போகும்.”

எத்தனை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எனக்காக ஒரு பொய் சொல்லுங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் உங்களுக்கு எதிராகப் பொய் சொன்னேன், ஐயா தண்ணீரில் கிடந்தார். நீங்கள் எனக்கு எதிராக உண்மையைச் சொல்லுங்கள். அது நியாயம். கூண்டிலிருந்து நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்குப் போலத் தலையைக் குனிய மாட்டேன்.

பிலோமியை மட்டும் அந்த அறையிலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.

ரோசம்மா


உ
வீரமாகாளியம்மன் துணை

பொத்தோங் பாசிர்,
25-9-1966

ரோசம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. வியாழக்கிழமை கோர்ட்டில்தான் பதில் சொன்னேன். முடிந்ததும் நீ என்னிடம் ஓடி வந்தாய், நான் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். அதை வைத்து நீ இந்நேரம் அழுதுகொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

கூண்டில் ஏறும்வரைக்கும் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. காலையில் வீட்டுக்காரர் படத்துக்கு விளக்கு வைத்தபோது, எத்தனை என்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பன்னிரண்டு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த நாள் அது. அதே மாதிரிக் கூண்டு, நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கையைத் தூக்கிச் சத்தியம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நீ சொன்னபடியே தலையைக் குனியாமல் என்னைப் பார்த்தாய். உன் வலது கையில் அந்த இரண்டு விரலும் கோணலாக நின்றன.

சர்க்கார் வக்கீல் கேட்டார், அந்தத் தமிழ்க்காரர் தமிழில் மாற்றிச் சொன்னார்: “அவரு விழுந்த பிறகு இந்தம்மா எத்தனை அடி அடிச்சாங்க?”

“ஞாபகம் இல்லைங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒண்ணா, ரெண்டா, பத்தா?”

“அறுபத்திரண்டு வயசாச்சுங்க. நேத்து என்ன குழம்பு வச்சேன்னே ஞாபகம் இல்லை.”

பின்வரிசையில் ஒரு இருமல் கேட்டதே, அது பதுருன்னிசா. 1957-இல் அவள் என்னிடம் வாங்கிய அரைப்படி மிளகாயை நான் வருஷா வருஷம் கேட்கிறேன்.

அந்த வக்கீல் விடவில்லை. கெட்டிக்காரன். ஒரு பழைய காகிதத்தை எடுத்தான். “1954-ல இதே ரோசம்மா உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லி, நீங்க மூணு மாசம் ஜெயிலுக்குப் போனீங்களே. இவங்களுக்கு நீங்க உதவி செய்யக் காரணமே இல்லையே. அதுவாவது ஞாபகம் இருக்கா?”

கோர்ட்டு முழுக்க என்னையே பார்த்தது. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நாலு இறக்கை.

“என்னமோ நடந்துச்சுங்க. ரொம்ப நாளாச்சு. ஞாபகம் இல்லை” என்றேன்.

அப்போதுதான் நீ தலையைக் குனிந்துவிட்டாய். எனக்கு அது பிடிக்கவில்லை. குனிய மாட்டேன் என்று எழுதினவள் குனியக் கூடாது.

உன்னை விட்டுவிட்டார்கள். நல்லது.

கோர்ட்டில் மறந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் வைத்திருந்தால் எனக்குச் செரிக்காது. பதினொன்று. ஐந்தாவதில் அவன் கத்துவது நின்றது. எட்டாவதில் உன் செருப்பு கழன்றது. பதினொன்றாவது அவன் மேல் விழவில்லை, துவைகல்லில் விழுந்து உலக்கையின் பூண் தெறித்தது. அப்புறம் நீ கீழே உட்கார்ந்து, அவன் வாயிலிருந்து விழுந்த பல்லை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனதும் ஞாபகம் இருக்கிறது, நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்ன அந்த மூன்று வாக்கியமும் ஞாபகம் இருக்கிறது. சாகிறவரை இருக்கும். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

நான் செய்ததும் பொய்ச் சத்தியம். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே என் கையை என் தலையில் வைத்து, இது இங்கேயே நிற்கட்டும் தாயே, பிள்ளைகள் பக்கம் போக வேண்டாம் என்று காளியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரி எனக்குத் தலைவலி என்று நினைத்துத் தைலம் கொடுத்தாள். நல்ல தைலம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு. டிராயரில் வைக்காதே. கடிதத்தைப் பத்திரப்படுத்தி நாம் பட்டது போதும். உறையின் பின்பக்கம் பார், விலாசம் எழுதவில்லை. உனக்குத் தெரிந்த இடம்தானே.

பிலோமி நடு அறையில் இருக்கிறாள். தாழ்ப்பாள் போட்டாயிற்று, உள்பக்கம்தான். தச்சன் கதவின் உச்சியில் வைக்கப் போனான். தரையில் உட்கார்ந்து முதுகைக் கொடுத்திருக்கிறவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வை என்றேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். வைத்தான். அது என் தப்பு, ரோசம்மா. தாழ்ப்பாளைப் பிடுங்கியது. இதை இன்னொரு முறை எழுத மாட்டேன், பதுருன்னிசாவிடமும் சொல்லாதே.

ஆற்றுப் பக்கத்துக் கடைசி அறை இந்த மாதம் காலியாகிறது. ஏழாவது மாடியில் தனியாக உடைந்த மிஷினோடு என்ன செய்யப் போகிறாய்? வாடகை பதினைந்து வெள்ளி, தர்மத்துக்கு இல்லை. மழைக்கு ஒழுகும், இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு முணுமுணுக்கக் கூடாது. ரசம் நீதான் வைக்க வேண்டும்.

அந்த அறைக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. வருகிற வழியில் தேக்காவில் இறங்கி நீயே ஒன்று வாங்கி வா. நாலு அங்குலம், பித்தளை. இரும்பு வாங்காதே, ஆற்றுக் காற்றுக்குத் துருப்பிடிக்கும்.

இப்படிக்கு,
அக்கா